களவோடு நின்ற காதல்

காதல் தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. அகம் என்றொரு பெரும்பகுப்பையே அதற்கென வகுத்துக்கொண்ட மொழி நம் மொழி. அவ்வாறிருக்க, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் செல்பேசியிலும் ஓயாது ஒலிக்கும் திரைப்பாடல்களின் காதல் மட்டும் ஒரு பருவம் தாண்டுமுன்னரே வாடிப்போவது ஏன்? இவ்வினாவை இலக்கிய மாணவர்கள் எழுப்பியே ஆகவேண்டும்.

திருக்குறளின் காமத்துப்பாலை எடுத்துக்கொள்வோம். அதில் 25 அதிகாரங்கள் உள்ளன. பரிமேலழகர் உரைப் பகுப்பின்படி களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. கண்டதும் மயங்கியதும் ஊரார் அலர் தூற்றியதும் 70 குறட்பாக்களில் அடங்கிவிடுகின்றன. அதன்பின் வரும் பிரிவு, காத்திருப்பு, கனவு, ஊடல் ஆகியவற்றைச் சொல்ல 180 குறட்பாக்கள் தேவைப்பட்டன. காதலின் தொடக்கம் சிறிது, தொடர்ச்சியே பெரிது என்பதை வள்ளுவர் அளவாலேயே உணர்த்திவிட்டார்.

திரைப்பாடல்களிலோ இக்கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. விழி, இதழ், நிலவு, மழை என்னும் சிறுவட்டத்துக்குள்ளேயே பெரும்பாலான பாடல்கள் சுழல்கின்றன. இதனைக் கவிஞர்தம் புலமைக் குறைவு என்று நாம் கருதவில்லை. பல படக்கதைகள் மணமாலையோடு முடிந்துவிடுகின்றன. கதை நின்ற இடத்தில் பாட்டும் நின்றுவிடுகிறது. மெட்டு முன்னே செல்ல, அதன் அளவுக்கேற்பச் சொல் பின்னே செல்லும் வழக்கமும் கவிஞரின் கையைக் கட்டுகிறது.

கதை இடங்கொடுத்தால் பாட்டும் ஆழம் பெறும் என்பதற்குச் சான்று உண்டு. 1962-இல் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில், தனக்குப்பின் மறுமணம் செய்துகொள்ளுமாறு நோயுற்ற கணவன் கூறுகிறான். அது கேட்ட மனைவியின் துயரைக் கண்ணதாசன் பாடலாக்கினார். அது களவின் மயக்கமன்று, கற்பின் உறுதி. அறுபது ஆண்டுகள் கடந்தும் அப்பாடல் வாழ்கிறது.

காதற்பாடல் என்றாலே செவியைப் பொத்திக்கொள்ளச் சொல்லும் பெரியோர் சிலர் உளர். அவர்தம் அக்கறையை மதிக்கிறோம். ஆயினும் அவ்வழியை ஏற்பதற்கில்லை. வகுப்பறையில் குறுந்தொகை நடத்திவிட்டு வாயிலில் காதலைப் பழிப்பது முரண்பாடாகும். நமது கவலை வேறு. முதற்பார்வையின் படபடப்பே காதல் முழுவதும் என்று பாட்டால் பயின்ற இளைஞன், அப்படபடப்பு அடங்கியதும் காதலே மடிந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறான். இல்லறத்தின் முதல் ஊடல் அவனுக்கு முறிவாகத் தோன்றுகிறது. ஊடலிலும் உவகை உண்டு என்று ஓர் அதிகாரமே வகுத்துக் காமத்துப்பாலை நிறைவுசெய்த மொழியில் பிறந்தவனுக்கு இந்நிலை வரலாமா?

மாணவச் செல்வங்களே, பாடல்களைக் கேளுங்கள், சுவையுங்கள். ஆனால் அப்பாடலில் பேசும் இருவர் பத்தாண்டுக்குப்பின் ஒருவர்க்கொருவர் என்ன சொல்லிக்கொள்வர் என்றும் எண்ணிப்பாருங்கள். உங்களுள் நாளை பாடலாசிரியராகப் போகிறவர் அந்த உரையாடலை எழுதட்டும். ஏழு அதிகாரங்களுக்குப் பாட்டு மிகுதியாகவே உள்ளது, பதினெட்டுக்குத்தான் பஞ்சம்.