கடனோடு கட்டி விற்கப்படும் காப்பீடு: பிரீமியத்தை வாடிக்கையாளரே மீட்பது எப்படி?

புதுதில்லி, ஆர்.கே.புரம்: மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளும் தில்லித் தமிழ்ச் சங்கமும் மலை மந்திரும் அமைந்துள்ள ஆர்.கே.புரம், தலைநகரில் தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் பகுதிகளில் ஒன்று. மாதந்தோறும் தவறாமல் ஊதியம் வரவு வைக்கப்படும் கணக்கு உள்ளவர்களுக்கு வங்கிகள் விரைந்து கடன் வழங்குகின்றன. மகளின் திருமணத்துக்காகவோ, ஊரில் வீடு கட்டுவதற்காகவோ கடன் பெறுவோரில் பலர், தங்கள் கணக்கில் வரவான தொகை ஒப்புதல் கடிதத்தில் கண்ட தொகையைவிடக் குறைவாக இருப்பதைப் பின்னரே கவனிக்கின்றனர். பரிசீலனைக் கட்டணம் போக, மீதமுள்ள வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: 'கடன் பாதுகாப்புக் காப்பீடு'.

கடன் பெற்றவர் இறந்தாலோ, சில பாலிசிகளில் ஊனமுற்றாலோ, நிலுவைக் கடனை அடைப்பதற்கான காப்பீடு இது. இத்தகைய காப்பீடு தன்னளவில் தீயதன்று. வீட்டில் ஒருவரே சம்பாதிக்கும் நிலையில், அவர் மறைவுக்குப் பின் கடன் சுமை குடும்பத்தின் மீது விழாமல் அது தடுக்கும். ஆனால், கேட்காதவருக்கு அதை விற்பதும், 'இது இல்லாவிட்டால் கடன் கிடைக்காது' என்று கூறி விற்பதும் வேறு விஷயம். அவ்வாறு செலுத்தப்பட்ட பிரீமியத்தைத் திரும்பக் கோர இந்தியச் சட்டத்தில் வழிகள் உள்ளன. அவற்றுக்கு வழக்கறிஞரோ இடைத்தரகரோ தேவையில்லை. ஆனால், ஒவ்வொரு வழிக்கும் ஒரு காலக்கெடு உண்டு.

சிறு தொகை, பெரும் சுமை

இந்த பிரீமியம் பெரும்பாலும் ஒரே தவணையில் வசூலிக்கப்படுகிறது. வாடிக்கையாளர் அதைக் கையிலிருந்து செலுத்துவதில்லை. கடன் தொகையிலேயே அது சேர்க்கப்படுகிறது. எனவே காப்பீட்டுக்கும் சேர்த்து அவர் வட்டி கட்டுகிறார்.

எடுத்துக்காட்டாக, 10.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டுகளுக்குப் பெறப்படும் தனிநபர் கடனில் 30,000 ரூபாய் பிரீமியம் சேர்க்கப்பட்டால், அதற்காக மட்டும் மாதத் தவணையில் சுமார் 645 ரூபாய் கூடுகிறது. கடன் முடியும்போது அந்தக் காப்பீட்டுக்காக அவர் செலுத்திய தொகை ஏறத்தாழ 38,700 ரூபாயாக இருக்கும். வீட்டுக் கடனில் இந்த வேறுபாடு மேலும் பெரிது. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனில் சேர்க்கப்படும் ஒரு லட்சம் ரூபாய் பிரீமியத்துக்கு, இறுதியில் செலுத்தப்படுவது சுமார் 2.16 லட்சம் ரூபாய்.

மும்பையில் 2024 நவம்பரில் நடைபெற்ற பாரத ஸ்டேட் வங்கியின் மாநாட்டில் பேசிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், காப்பீட்டைத் தவறாக விற்பது வாடிக்கையாளரின் கடன் செலவை மறைமுகமாக உயர்த்துகிறது என்று குறிப்பிட்டு, வங்கிகள் தங்கள் அடிப்படைப் பணியில் கவனம் செலுத்த வேண்டும் என அறிவுறுத்தினார். மேற்கண்ட கணக்கு அவர் சுட்டிக்காட்டிய செலவையே காட்டுகிறது.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) ஆண்டறிக்கையும் இந்தக் கவலையை உறுதிப்படுத்துகிறது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் மீதான மொத்தப் புகார்கள் 2023-24இல் 1,20,726 ஆகவும் 2024-25இல் 1,20,429 ஆகவும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. ஆனால், தவறான விற்பனை உள்ளிட்ட நேர்மையற்ற வணிக நடைமுறை குறித்த புகார்கள் 23,335இலிருந்து 26,667ஆக உயர்ந்தன. அதாவது, ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட புகார்கள் விற்பனை முறையைப் பற்றியவை.

விதி சொல்வது என்ன?

வங்கி வாடிக்கையாளர் காப்பீட்டில் சேர்வது முற்றிலும் அவரது விருப்பத்தின் பேரில் அமைய வேண்டும். வங்கிச் சேவைக்கும் காப்பீட்டுக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்பு ஏற்படுத்தக் கூடாது என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் நீண்டகால நிலைப்பாடு. 2014 டிசம்பரில் அது வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமை சாசனத்தின் ஐந்து உரிமைகளில், வாடிக்கையாளருக்குப் பொருத்தமான பொருளையே விற்க வேண்டும் என்பதும் ஒன்று.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஒரு சேவையைப் பெற வேண்டுமானால் மற்றொரு சேவையையும் வாங்கியாக வேண்டும் என நிபந்தனை விதிப்பதை அச்சட்டம் 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என வரையறுக்கிறது.

அடமானச் சொத்தைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். அடமானமாக வைக்கப்படும் வீட்டுக்குத் தீ, பூகம்பம் போன்றவற்றுக்கு எதிரான காப்பீடு வேண்டும் என வங்கி கேட்கலாம். ஆனால், குறிப்பிட்ட நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்த முடியாது. கடன் பெறுபவரின் உயிருக்கான காப்பீட்டை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை.

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, சில்லறைக் கடன் பெறுவோருக்கு 'முக்கிய விவர அறிக்கை' வழங்கப்பட வேண்டும். வங்கி மூலம் மூன்றாம் தரப்புக்குச் செலுத்தப்படும் காப்பீட்டுக் கட்டணம் அதில் தனியே குறிப்பிடப்பட வேண்டும். ஆண்டு வட்டி விகிதக் கணக்கிலும் அது சேர்க்கப்பட வேண்டும். அந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தை, கடன் பெற்றவரின் வெளிப்படையான ஒப்புதலின்றி வசூலிக்க முடியாது. ஆகவே, பணத்தை மீட்க முயல்வோர் முதலில் தேடி எடுக்க வேண்டிய ஆவணம் இதுவே.

முதல் வாய்ப்பு: 30 நாள்

மிக எளிய வழி 'இலவசப் பரிசீலனைக் காலம்'. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஐஆர்டிஏஐ விதிகளின்படி, பாலிசி ஆவணம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் அதை ரத்து செய்யலாம். ஏமாற்றப்பட்டதாக நிரூபிக்க வேண்டியதில்லை. முத்திரைத் தீர்வை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பு நடைமுறையில் இருந்த நாள்களுக்கான தொகை ஆகியவை மட்டும் கழிக்கப்பட்டு எஞ்சிய பிரீமியம் திருப்பித் தரப்படும்.

கடன் காப்பீடுகளில் பல, வங்கியின் பெயரில் உள்ள குழு பாலிசிகள். கடன் பெற்றவருக்குக் காப்பீட்டுச் சான்றிதழ் மட்டுமே வழங்கப்படும். அது மின்னஞ்சலில் வந்து கவனிக்கப்படாமலே கிடப்பதும் உண்டு. நாள் கணக்கு ஆவணம் கிடைத்த தேதியிலிருந்து தொடங்குவதால், மின்னஞ்சலின் தேதியைப் பாதுகாத்து வைப்பது அவசியம். ரத்துக் கடிதத்தை வங்கிக்கிளைக்கு மட்டுமன்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். திரும்பும் தொகை கடன் கணக்குக்கே செல்லக்கூடும் என்பதால், அசலில் அது கழிக்கப்பட்டதா, தவணை அல்லது கடன் காலம் அதற்கேற்பக் குறைக்கப்பட்டதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

30 நாள் கடந்த பிறகு

அதன் பின் வாடிக்கையாளர், தவறான விற்பனை நடந்ததை எடுத்துக்காட்ட வேண்டும். வங்கியின் வழக்கமான பதில், 'நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்' என்பதாகவோ 'ஓடிபி அளித்திருக்கிறீர்கள்' என்பதாகவோ இருக்கும். கையெழுத்து இருப்பது மட்டுமே விருப்பத்துக்குச் சான்றாகிவிடாது. ஆனால், அதை மறுக்க ஆவணங்கள் வேண்டும்.

ஒப்புதல் கடிதத்தில் காப்பீடு நிபந்தனையாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா, கிளை அலுவலர் அனுப்பிய மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அது கட்டாயம் எனக் கூறப்பட்டுள்ளதா, விண்ணப்பப் படிவத்தில் வருமானம், உடல்நலம், வாரிசு விவரங்கள் தவறாக நிரப்பப்பட்டுள்ளனவா, அதே அளவுக்கு ஏற்கெனவே வேறு காப்பீடு இருந்ததா என்பவை பார்க்கப்பட வேண்டியவை. கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்தின் நகலையும், சரிபார்ப்பு அழைப்பின் பதிவையும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம்.

புகாரை முதலில் வங்கியின் குறைதீர் பிரிவுக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுத்து மூலம் அளிக்க வேண்டும். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் அதைப் பதிவு செய்யலாம். என்ன நடந்தது, எவ்வளவு பிரீமியம் பிடிக்கப்பட்டது, எந்தத் தீர்வு கோரப்படுகிறது (பிரீமியமும் அதன் மீது செலுத்திய வட்டியும்) என்பவை ஒரு பக்கத்தில் அடங்கினால் போதும்.

மூன்று கதவுகள்

நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் அளிக்காவிட்டாலோ, அளித்த பதில் திருப்தி தராவிட்டாலோ மூன்று வழிகள் திறக்கின்றன.

முதலாவது, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். பாலிசி விதிகளைத் தவறாக எடுத்துரைத்தது, முகவர்களின் சேவைக் குறைபாடு ஆகியவை இவரது அதிகார வரம்புக்குள் வருகின்றன. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க இவருக்கு அதிகாரம் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞருக்கு இடமில்லை. நிறுவனத்தின் மறுப்பு கிடைத்த ஓராண்டுக்குள் அணுக வேண்டும். இவரது தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

இரண்டாவது, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் கீழ், வங்கியின் நடத்தை குறித்த புகார்களை இணையவழியிலோ, சண்டீகரில் உள்ள மையத்துக்குக் கடிதம் மூலமோ அனுப்பலாம். 14448 என்ற உதவி எண்ணில் தமிழிலும் விவரம் பெறலாம். காப்பீட்டு நிறுவனம் 'விற்றது வங்கி' என்றும், வங்கி 'பாலிசி அவர்களுடையது' என்றும் கைகாட்டும் வழக்குகளில், வங்கியின் பொறுப்பை நேரடியாகக் கேள்விக்குள்ளாக்கும் வழி இது.

மூன்றாவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டாண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின் கட்டணம் இல்லை. வாடிக்கையாளர் தாமே வாதிடலாம். ஒரே புகாரை ஒரே நேரத்தில் பல மன்றங்களில் நடத்த இயலாது என்பதால், எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

ஆர்.கே.புரம் போன்ற பகுதிகளில் வசிப்போருக்கு ஒரு சட்ட விவரம் குறிப்பாகப் பயன்படும். கடன் சென்னையிலோ மதுரையிலோ உள்ள கிளையில் பெறப்பட்டிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே நுகர்வோர் ஆணையத்தை அணுக 2019ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் விதிகளும் புகார்தாரரின் வசிப்பிடத்தை ஏற்கின்றன. பணியிட மாற்றம், உரிமையைக் கைவிடக் காரணமாக வேண்டியதில்லை.

பிரிட்டன் சென்ற பாதை

இதே சிக்கலைப் பிரிட்டன் வேறு அளவில் சந்தித்தது. அங்கு கடன்களுடனும் கடன் அட்டைகளுடனும் 6.4 கோடி அளவில் கடன் பாதுகாப்புக் காப்பீடுகள் விற்கப்பட்டன. ஒழுங்குமுறை அமைப்பு கொண்டுவந்த விதிகளை எதிர்த்து வங்கிகள் சங்கம் தொடுத்த வழக்கு 2011 ஏப்ரலில் தோல்வியடைந்தது. அதன் பின், 2019 ஆகஸ்ட் 29 என்ற இறுதி நாள் வரை புகார்கள் பெறப்பட்டு, சுமார் 3,800 கோடி பவுண்டு வாடிக்கையாளர்களுக்குத் திரும்ப வழங்கப்பட்டது.

அந்த அனுபவத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, கமிஷன். 2014இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் விசாரித்த பிளெவின் வழக்கில், பிரீமியத்தில் 71.8 சதவீதம் கமிஷனாகச் சென்றது வாடிக்கையாளருக்குச் சொல்லப்படவில்லை. அதை மறைத்ததே நியாயமற்ற உறவு என நீதிமன்றம் கருதியது. மற்றொன்று, இடைவெளி. கடன் வழங்கிய பின் ஏழு நாள்களுக்குள் இந்தக் காப்பீட்டை விற்கக் கூடாது என்ற தடை 2012 முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் இவ்விரண்டும் இல்லை. முக்கிய விவர அறிக்கை பிரீமியத்தைக் காட்டுகிறது. வங்கிக்குக் கிடைக்கும் கமிஷனைக் காட்டும் பகுதி அதன் படிவத்தில் இல்லை. தனித்தனி பாலிசிகளுக்கான கமிஷன் உச்சவரம்புகளும் 2023இல் நீக்கப்பட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவு வரம்புக்குள் அது அடக்கப்பட்டது. கடனும் காப்பீடும் ஒரே மேசையில், ஒரே நாளில் கையெழுத்தாகின்றன. பணம் அவசரமாகத் தேவைப்படும் ஒருவர், அந்த நேரத்தில் மறுத்துப் பேசும் நிலையில் இருப்பதில்லை.

பிரிட்டனில் மீட்புத் தொகையின் ஒரு பங்கு இடைத்தரகு நிறுவனங்களுக்குச் சென்றதால், 2018இல் அவற்றின் கட்டணத்துக்கு 20 சதவீத உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இந்தியாவில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. 'உங்கள் பாலிசிப் பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருகிறோம்' எனக் கூறி முன்பணம் கேட்கும் அழைப்புகள் அவை. ஐஆர்டிஏஐ காப்பீடு விற்பதோ, போனஸ் அறிவிப்பதோ இல்லை என்று அந்த ஆணையமே பலமுறை எச்சரித்துள்ளது.

பிரிட்டனில் ஒழுங்குமுறை அமைப்பு வங்கிகளைக் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வைத்தது. இந்தியாவில் அந்தப் பொறுப்பு இப்போதைக்குத் தனிமனிதரின் தோளில் இருக்கிறது. விதிகள் அவர் பக்கம் உள்ளன. காலம் அவர் பக்கம் இல்லை. கடன் தொகை வரவான அன்றே, ஒப்புதல் கடிதத்தில் கண்ட தொகையையும் கணக்கில் வந்த தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்த மீட்பின் முதல் படி.