தொட்டியில் தானா முளைச்ச செடி: பிடுங்குவதா, பொரியல் செய்வதா?

கத்தரி விதை போட்டு பத்து நாள் ஆகிறது. தொட்டியில் பச்சையாக ஏதோ தலைகாட்டுகிறது. ஒன்றல்ல, மூன்று நான்கு சாயலில். இதில் எது நாம் போட்டது? முதன்முறை மாடித் தோட்டம் போடுகிற எல்லோரும் இங்கே முழிப்பார்கள். ‘தெரியாததைப் பிடுங்கிப் போடு’ என்பார் ஒருவர். ‘தானா வர்றது எல்லாமே மூலிகைதாங்க’ என்பார் இன்னொருவர். முன்னவர் பேச்சைக் கேட்டால் நல்ல கீரை போகும். பின்னவர் பேச்சைக் கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம்.

இந்த விதைகள் பெரும்பாலும் நாம் கொண்டுவந்தவைதான். மாடு தின்ற விதைகள் பல செரிக்காமல் சாணத்தோடு வந்துவிடும். எரு சரியாக மட்கவில்லை என்றால் அவை முளைக்கும். செம்மண்ணில் கொஞ்சம், குருவி எச்சத்தில் கொஞ்சம், சமையலறைக் கழிவு உரத்தில் நிறைய. அதனால் அதே மண்கலவையை ஒரு சின்னத் தொட்டியில் விதை போடாமல் வைத்து, தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். அதில் முளைப்பது உங்கள் தொட்டியிலும் முளைத்திருந்தால், அது மண்ணோடு வந்தது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். விதையைத் தூவாமல் வரிசையாகப் போடுவதும் நல்லது. வரிசைக்கு வெளியே நிற்பது யாரென்று உடனே தெரியும்.

அப்படி வருவதில் குப்பைக்கீரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி எல்லாம் உண்டு. சந்தையில் காசு கொடுத்து வாங்குகிற கீரையைக் களை என்று பிடுங்கி எறிவதில் என்ன நியாயம்? ஆனால் பருப்புக்கீரை பக்கத்திலேயே, தரையோடு படரும் பால் செடிகளும் வரும். தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை. பருப்புக்கீரையின் தண்டும் இலையும் சதைப்பற்றாக இருக்கும், பால் வராது.

உண்மையில் பயப்பட வேண்டியது ஊமத்தைக்கு. இதுவும் கத்தரிக் குடும்பம்தான். இளசில் பார்த்தால் சந்தேகமே வராது. கீரையோடு கலந்து சமைத்துவிட்டால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, ஆள் பிதற்ற ஆரம்பித்துவிடுவார். கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. மணத்தக்காளியா ஊமத்தையா என்று குழப்பமாக இருந்தால் பூக்கும்வரை விடுங்கள். மணத்தக்காளிக்குச் சின்னஞ்சிறு வெள்ளைப் பூ, கொத்தாகக் காய். ஊமத்தைக்கு நீளமான புனல் மாதிரிப் பூ, முள்ளுக் காய். அதுவரை ஒரு இலையும் சட்டிக்குப் போகக் கூடாது. செல்போன் செயலி படத்தைப் பார்த்து ஒரு பெயர் சொல்லும்; அது துப்புக்கு உதவும், குழம்புக்கு உதவாது. செடியோடு பக்கத்துத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்க் கேட்கலாம்.

உரத்தில் கிடந்த விதையிலிருந்து சுரைக்கொடி வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். வேறு கொடியின் மகரந்தம் கலந்த விதையாக இருந்தால் காய் கசக்கலாம். அந்தக் கசப்பு பாகற்காய்க் கசப்பு மாதிரி அல்ல. கசந்த சுரைச்சாறு குடித்து இந்தியாவில் உயிரிழப்பே நடந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு போட்டு ஆராய வேண்டியிருந்தது. ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடுங்கள். ‘வேக வெச்சா சரியாயிடும்’ என்ற பேச்சே வேண்டாம், சரியாகாது.

காத்திருக்கவே கூடாதவை இரண்டு. ஒன்று பார்த்தீனியம். 1950களில் புணேயில் கண்டறியப்பட்டு நாடு முழுக்கப் பரவிய செடி. இளசில் கேரட் இலை மாதிரியே இருப்பதால் கேரட் விதைத்தவர்கள் ஏமாறுவதுண்டு. தோல் அரிப்பு, மூச்சிரைப்பு இரண்டும் தரும். கையுறை போட்டு, பூக்கும் முன்பே வேரோடு எடுங்கள். பூத்துவிட்டதை உரக்குழியில் போடாதீர்கள். இன்னொன்று அரசங்கன்று. தொட்டியில் இருப்பது பெரிய பிரச்சினை இல்லை. சுவர் வெடிப்பிலும் தளத்தின் மூலையிலும் வருவதுதான் வில்லங்கம். இரண்டு இலையில் விரலால் எடுத்துவிடலாம், இரண்டு வருடம் விட்டால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

கோரை வந்தால் மட்டும் இழுக்காதீர்கள். இலை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும். மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பொறுக்கி, வெயிலில் நன்றாகக் காயப் போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.