பார்சல் கொண்டு வரும் தம்பிக்கு டிப்ஸ் எவ்வளவு? கேட்டில் காத்து நிற்கும் 10 நிமிடத்துக்கு 17 ரூபாய் நஷ்டம்!

ஸ்ரீபெரும்புதூர்:

ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் ஷிப்ட் விடுற நேரத்துல போய் பாருங்க. கம்பெனி கேட், ஹாஸ்டல் கேட், தெருமுனை என்று எங்கே பார்த்தாலும் சிவப்பு சட்டை, ஆரஞ்சு சட்டை வாலிபர்கள் பைக்கை ஓரம் கட்டிவிட்டு போனும் கையுமாக நிற்கிறார்கள். முதுகுப் பையில் பரோட்டா, பிரியாணி ஆறிக் கொண்டிருக்கும். ஆர்டர் போட்டவர் இன்னும் வெளியே வந்திருக்க மாட்டார்.

வந்து பார்சலை வாங்கியதும் அடுத்த குழப்பம். இவருக்கு டிப்ஸ் கொடுக்கணுமா? கொடுத்தால் எவ்வளவு? 5 ரூபாய் நீட்டினால் கேவலமா நினைப்பாரா?

ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லோடு சோம்பு தட்டு வரும், மீதி சில்லரையை அதிலேயே விட்டுவிட்டு வந்துடுவோம். ஆப்பில் ஆர்டர் போட்டால் அந்த தட்டு கிடையாது. 'டெலிவரி கட்டணம், பிளாட்பார்ம் கட்டணம்னு அதான் புடிச்சுட்டானே, அதுக்கு மேல எதுக்கு?' என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிளாட்பார்ம் கட்டணம் கம்பெனி கணக்குக்கு போகிறது, தம்பி கைக்கு வருவதில்லை. 2023 ஆகஸ்டில் 2 ரூபாயாக இதை ஆரம்பித்த ஜொமேட்டோ, 2025 செப்டம்பரில் 12 ரூபாய் ஆக்கிவிட்டது.

அப்போ தம்பிக்கு என்னதான் கிடைக்குது?

2025 டிசம்பர் 25 மற்றும் 31-ந்தேதிகளில் நாடு முழுவதும் டெலிவரி ஊழியர்கள் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தன. அந்த பரபரப்புக்கு பதில் சொல்ல வந்த ஜொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல், 2026 ஜனவரியில் சில கணக்குகளை வெளியிட்டார். டிப்ஸ் சேர்க்காமல் ஒரு மணி நேரத்துக்கு சராசரி வருமானம் 102 ரூபாய். தினமும் 10 மணி நேரம், மாதம் 26 நாள் ஓடினால் 26 ஆயிரத்து 500 ரூபாய். பெட்ரோல், வண்டி செலவு போனால் கையில் நிற்பது சுமார் 21 ஆயிரம். இது கம்பெனி சொன்ன கணக்கு, அதுவும் சராசரி. மழையில் வண்டி பஞ்சர் ஆகி நின்ற நாள் எல்லாம் இதில் தனியா தெரியாது.

இதிலே கவனிக்க வேண்டியது டிப்ஸ் கணக்கு. மணிக்கு சராசரி 2 ரூபாய் 60 காசுதான்! நூறு ஆர்டரில் சுமார் ஐந்துக்குத்தான் டிப்ஸ் விழுகிறது. அதாவது 10 மணி நேரம் ஓடினால் 26 ரூபாய். ரெண்டு டீ குடிச்சா காலி.

இப்போ கேட்டுக்கு வருவோம். மணிக்கு 102 ரூபாய் என்றால் 10 நிமிடத்துக்கு 17 ரூபாய். 'அண்ணா, கேட்ல நிக்கிறேன்' என்று தம்பி போன் போட்ட பிறகு நாம 10 நிமிடம் கழித்து ஆடி அசைந்து வந்து, 10 ரூபாய் டிப்ஸ் கொடுத்தால் என்ன அர்த்தம்? 17 ரூபாயை எடுத்துக்கிட்டு 10 ரூபாயை கொடுத்திருக்கோம். அதுக்கு 'தேங்க்ஸ் அண்ணா' வேறு சொல்லிட்டு போறார்.

நம்ம ஊரில் இதுதான் பெரிய பிரச்சினை. சென்னையில் வீட்டு வாசல் வரைக்கும் போகலாம். இங்கே செக்யூரிட்டி உள்ளே விட மாட்டார். வல்லம் வடகாலில் 18 ஆயிரத்து 720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை பெரிய வளாகத்தில் மாடியில் இருந்து இறங்கி கேட் வரை நடந்து வரவே நேரம் பிடிக்கும். போன் வந்த பிறகு கிளம்பினால் நேரம் போய்விடும். ஆப்பில் வண்டி கிட்டே வருவது தெரிந்ததுமே இறங்கிடணும்.

சரி, எவ்வளவுதான் கொடுக்கிறது? அமெரிக்காவில் பில்லில் 15, 20 சதவீதம் என்று வைக்கிறார்கள். அங்கே டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு மணிக்கு 2 டாலர் 13 சென்ட் மட்டும் சம்பளம் கொடுத்தால் போதும் என்று மத்திய சட்டமே இடம் தருகிறது. டிப்ஸ்தான் சம்பளம். அந்த வழக்கம் நமக்கு வேண்டாம். 250 ரூபாய் பிரியாணிக்கும் 900 ரூபாய் பக்கெட் பிரியாணிக்கும் அதே ரோடு, அதே பெட்ரோல்தானே.

ரோட்டையும் நேரத்தையும் பார்த்து கொடுப்பதுதான் சரி என்று படுகிறது. பக்கத்து கடை, பகல் நேரம் என்றால் 10, 20 ரூபாய் போதும். கொட்டும் மழையிலோ, நைட் ஷிப்டுக்கு நடுவிலோ, கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் சிங்கபெருமாள்கோவில் சாலையில் ஓட்டிக்கிட்டு வந்தவருக்கு 30, 50 கொடுத்தால் தகும். ரூமில் 5 பேர் சேர்ந்து ஆர்டர் போட்டால் தலைக்கு 5 ரூபாய் போடுங்க, 25 ஆச்சு. கான்டிராக்ட் சம்பளத்தில் மாசக்கடைசியில் கையில் இல்லையா? கூச்சப்பட வேண்டாம், சட்டப்படி கட்டாயம் எதுவும் இல்லை. ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜையே கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டு சொல்லிவிட்டது. டைமுக்கு கேட்டுக்கு வந்தாலே 17 ரூபாய் கொடுத்த மாதிரி.

அதுக்காக டிப்ஸ் கொடுத்தே இவங்க வாழ்க்கையை ஓட்டிடலாம் என்று யாராவது நினைத்தால் 2 ரூபாய் 60 காசை ஞாபகம் வச்சுக்கணும். 10 மடங்கு ஆனாலும் மணிக்கு 26 ரூபாய்தான். மழையில் விழுந்து கால் உடைந்தால் பார்க்க வேண்டியது கம்பெனியும் அரசும்தான். 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த சமூக பாதுகாப்பு சட்டம், கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை இவர்களுக்கான நிதியில் செலுத்த வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கு தனி நல வாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தின உரையில் மு.க.ஸ்டாலின் அறிவித்து, அதன்படி வாரியமும் அமைக்கப்பட்டது. 2025-26 பட்ஜெட்டில் 2 ஆயிரம் பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20 ஆயிரம் மானியமும் அறிவிக்கப்பட்டது. இதெல்லாம் வாரியத்தில் பதிவு செய்தவருக்குத்தான். பதிவு பண்ணாத தம்பிகள் முதலில் பதிவு செய்யணும்.

இன்னொரு விஷயம். முகவரி எழுதும்போதே எந்த கேட், எந்த பிளாக் என்று போட்டுவிடுங்கள். ஒரே கம்பெனிக்கு ரெண்டு, மூணு கேட் இருக்கிறது. தப்பான கேட்டுக்கு போய் சுற்றி வந்தால் அந்த பெட்ரோல் காசும் தம்பி பாக்கெட்டில் இருந்துதான் போகும்.