உடல்நலப் பகுதி: அம்மையும் அக்கியும்

பங்குனி பிறந்துவிட்டால் நம்மவர் குடியிருப்புகளில் எங்கேனும் ஒரு வாசலில் வேப்பங்கொத்தைக் காண்கிறோம். பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே இன்று அம்மை போட்டிருக்கிறதென்றால் பெரும்பாலும் அது சின்னம்மையே.

இதனையும் முதியோரை வாட்டும் அக்கியையும் வெவ்வேறு நோய்களென்றே நம்மில் பலர் கருதுகின்றனர். இரண்டுக்கும் கிருமி ஒன்றே. சின்னம்மை இறங்கிய பின்னும் அது உடலை விட்டு அகலுவதில்லை. பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கிய வண்டியைப் போல் நரம்பின் வேரில் பல்லாண்டு அசைவற்றுக் கிடக்கிறது. முதுமையாலோ பிற நோயாலோ உடலின் காவல் தளருங்கால், அந்நரம்பின் வழியே புறப்பட்டு, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் கொப்புளமுமாக வெளிப்படுகிறது. அதுவே அக்கி.

வேப்பங்கொத்தை நாம் குறைகூறோம். அயலார் உள்ளே வாராதிருக்க முன்னோர் வகுத்த நல்ல அறிவிப்பு அது. ஆயினும் பிறமொழி பேசும் அண்டைவீட்டாருக்கு அதன் பொருள் விளங்குவதில்லை, வாயால் சொல்லவேண்டியிருக்கிறது. நம்மவரோ சொல்லக் கூசுகின்றனர். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே தொற்றத் தொடங்கும் நோய், எல்லாக் கொப்புளமும் பொருக்காகும்வரை தொற்றுகிறது. அடுத்த வீட்டில் கருவுற்ற பெண்ணோ பச்சிளங்குழந்தையோ இருப்பின் அன்றே தெரிவித்தல் கடமை. அம்மை காணாத பிறர், நோயாளியோடு பழகிய மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தடுப்பூசி பெற்றால் நோய் வாராமலோ தணிந்தோ போகக்கூடும். கருவுற்றோருக்கு அவ்வூசி ஆகாது; அவர்கள் உடனே மருத்துவரைக் காணவேண்டும்.

ஊரிலிருந்து வேலை தேடி வந்து நம்மோடு தங்கும் தம்பிமாரையும் சிறுவயதில் அம்மை கண்டதுண்டா என்று கேட்டு வைத்தல் நலம். வெப்ப நாடுகளில் பலர் அதைக் காணாமலே வளர்ந்துவிடுகின்றனர். வளர்ந்தோருக்கு நிமோனியா முதலிய கேடுகள் மிகுதி. அத்தகையோர் படுத்தவுடன் ஊருக்கு வண்டியேற்றிவிடும் வழக்கமும் உண்டு. தொற்றுநோயாளர் உத்தரவின்றிப் பெட்டியில் ஏறுவதை 1989ஆம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 56ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அதே பெட்டியில் எத்தனை கைக்குழந்தைகள்!

காய்ச்சலுக்குச் சிறுவர்க்கு ஆஸ்பிரின் கொடுத்தல் கூடாது. அரிதாயினும் ஈரலையும் மூளையையும் தாக்கும் கேடு அதனால் நேர்கிறது.

அக்கிக்குக் குயவரிடம் காவி எழுதுவிப்பது நம் ஊர் வழக்கம். காவி குளிர்ச்சி தரலாம், கிருமியைத் தீண்டாது. அசைக்ளோவிர் வகை மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நற்பயன் மிகுதி. முதியோர் சிலருக்குப் புண் ஆறியும் வலி மாதக்கணக்கில் நிற்கிறது. நெற்றியிலோ மூக்கின் நுனியிலோ கண்டால் கண்ணுக்கு ஆபத்து. அன்றே கண் மருத்துவரை நாடுக. தாத்தாவின் அக்கிப் புண் நீரிலிருந்து, அம்மை காணாத பேரனுக்குச் சின்னம்மை வரும். ஆதலின் புண்ணை மூடிவைத்தல் வேண்டும்.

சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவச அட்டவணையில் இல்லை. 15ஆம் மாதத்தையொட்டித் தொடங்கி இரு தவணை கைப்பணத்தில் போடவேண்டும். ஐம்பது கடந்தோர்க்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. அதுவும் இரு தவணை; விலையோ குமாஸ்தா சம்பளத்துக்குச் சற்றும் எளிதன்று. இரண்டுக்கும் ஒருங்கே பணம் திரட்ட இயலாத வீட்டில் குழந்தையின் ஊசியை முந்தி வைக்கலாம் என்பது நம் கருத்து.