சல்லிசான ஊரு... யாருக்கு?

வீட்ல இருந்தே பொட்டி தட்டலாம்னு ஆனதும், வேளச்சேரி வீட்டைக் காலி பண்ணிட்டு திருவண்ணாமலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அங்க 18,000 ரூபாய் குடுத்த மாதிரி வீடு இங்க 8,000. மொட்டை மாடிக்குப் போனா மலை தரிசனம் இலவசம் :-) பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வண்டியை வெளிய எடுக்க முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் மனுசத் தலைதான். மத்தபடி "சல்லிசான ஊருடா, கிளம்பி வாங்க"ன்னு நண்பர்கள்கிட்ட அளக்காத நாளில்லை.

ஒருநாள் டீக்கடை அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "தம்பி, உங்களுக்கு சம்பளம் மெட்ராஸ்ல இருந்து வருது. எங்களுக்கு இங்கயேதானே வரணும்?"

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. 1989ல மாவட்டத் தலைநகர், 2024ல மாநகராட்சின்னு ஊர் வளந்தாச்சு. ஆனா பலருக்குப் பொழப்பு இன்னமும் கோயிலையும் வர்ற கூட்டத்தையும் நம்பித்தான். என்னை மாதிரி ஆளுங்களும் ஆசிரமத்துக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களும் கேட்ட வாடகையைப் பேரம் பேசாம குடுத்துடறோம். அன்னாடங்காய்ச்சி எங்க போவான்?

2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. மலையடிவாரத்துல வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு வீட்டை மூடி 7 பேர் செத்துப் போனாங்க. அதுல 5 பேர் குழந்தைங்க.

"ஏன் அங்க போய் வீடு கட்டினாங்க?"ன்னு கேக்கறது சுலபம். கட்டுப்படியாகுற வாடகைல பத்திரமான வீடு கிடைச்சா எவனாவது பாறைக்குக் கீழ குடியிருப்பானா? மாநகராட்சின்னு போர்டு மாட்டின ஊர் முதல்ல செய்ய வேண்டியது அதுதான்ங்கறது என் கட்சி.

இப்பல்லாம் "சல்லிசான ஊரு"ன்னு சொல்ல வாய் வர்றதில்லை. எனக்குச் சல்லிசு. அவ்ளோதான்.