மூடுதல் என்னும் சொல்

தமிழ் இலக்கணம் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தது. அவற்றுள் முன்பனி, பின்பனி என இரண்டு குளிருக்கு உரியவை. ஆயினும் அந்தப் பனி, புல்நுனியில் தங்கி ஞாயிறு கண்டதும் நீங்கிவிடும் பனி. முற்றத்து நீர் கல்லாகிக் கிடக்கும் காலத்தைப் பற்றி எண்ணவேண்டிய தேவை அவ்விலக்கணத்துக்கு இருக்கவில்லை. முதுகலை வகுப்பில் அதனை மனனம் செய்த நாம், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு வீட்டையும் அதனோடு சேர்ந்து வந்த ஒரு நீச்சல் தடாகத்தையும் வாங்கிய பின்னரே, ஏழாவதாக ஒரு பொழுதும் உண்டெனக் கண்டோம். செப்டெம்பர் இறுதியில் தொடங்கி, ஒக்டோபரின் இரண்டாம் திங்களன்று வரும் நன்றியறிதல் நாளை ஒட்டி முடிவது அது. தடாகம் மூடும் காலம் என்று அதனைக் கூறலாம்.

குளிர்நாட்டிற்குப் புதியவர் எவரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீரை முழுவதும் இறைத்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடாதா? நாமும் கேட்டோம். அயலில் வாழ்ந்த முதியவர் ஒருவர் சிரித்துவிட்டுக் காரணம் சொன்னார். நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் இடத்தில், வெறுமையான தடாகம் ஓடம் போல மிதக்க முயலும். தொட்டியே மேலெழுந்து வெடிக்கக்கூடும். உட்புறம் பிளாஸ்டிக் விரிப்பு இட்ட தடாகமாயின் அவ்விரிப்புச் சுருங்கிக் கிழியும். ஆகவே நீர் உள்ளேயே இருத்தல் வேண்டும். சுவரை வெளியிலிருந்து தள்ளும் மண்ணையும் நீரையும் எதிர்த்து நிற்பது உள்ளிருக்கும் அந்த நீரே.

அவ்வாறாயின் பகை எது? குழாயினுள் தங்கிய கையளவு நீர். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது. திறந்த பரப்பில் உறையும் பனிக்கட்டிக்கு மேலே வானம் இருக்கிறது; குழாய்க்குள் உறைவதற்கோ போக்கிடம் இல்லை. எனவே குழாயை வெடித்துக்கொண்டு போகிறது. மூடும் வேலையின் பெரும்பகுதி இந்தக் கையளவு நீரை வெளியேற்றுவதே.

வரிசை இதுதான். நீரின் வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தால் பாசி வளர்வது குறையும். காரத்தன்மையைச் சீர்செய்து குளோரின் இடவேண்டும். மேற்பரப்புக் குப்பையை உறிஞ்சும் வாய்க்குச் சற்றுக் கீழே வரும் அளவுக்கு நீர்மட்டத்தைத் தாழ்த்தவேண்டும். பின்னர் காற்றுப் பம்பினால் ஒவ்வொரு குழாயையும் ஊதி, தடாகத்தில் குமிழி எழுவதைக் கண்டதும் அக்குழாயின் வாயை றப்பர் அடைப்பானால் இறுக்கவேண்டும். நீரேற்றும் பம்பு, வடிகலன், வெப்பமூட்டி ஆகியவற்றை வடியவிடவேண்டும். குழாயில் உறைதடுப்பு நீர்மம் இடுவோர், தடாகத்திற்கென விற்கப்படும் புரொப்பிலீன் கிளைக்கோலையே இடவேண்டும். மகிழுந்துக்கு இடும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு.

இவை அனைத்தையும் நாம் நல்ல மாணவராகக் கற்றோம். முதலிரு ஆண்டுகளில் ஒரு குழாய்கூட வெடிக்கவில்லை. இளவேனிலில் அயலவர் பாராட்டியபோது பெருமிதமும் கொண்டோம். இறுதியாகச் செய்வது மேலே விரிப்பு இடுவது. அதற்கு மலிவான நீல விரிப்பு ஒன்றை வாங்கி, ஓரங்களில் நீர் நிரப்பிய பைகளைப் பாரமாக வைத்தோம். இலைகள் விழாதிருக்கவே விரிப்பு என்பது எமது எண்ணம்.

மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம் தங்கையின் மகன் வந்திருந்தான். வயது ஐந்து. முற்றம் முழுவதும் ஒரே வெண்மை. புல்தரை எங்கே முடிகிறது, தடாகம் எங்கே தொடங்குகிறது என்று நமக்கே நினைவிலிருந்துதான் சொல்லமுடியும். அவன் உருண்டோடிய பந்தின் பின்னே சென்றான். முதல் இரண்டு அடிகளை விரிப்பு தாங்கியது. மூன்றாம் அடியில் நீர்ப்பை நழுவியது. ஓரத்துப் பனிக்கட்டி இளகியிருந்தது. விரிப்போடு சேர்த்து இடுப்பளவு உள்ளே போனான். சமையலறை யன்னலில் நின்ற எம் மனைவி கண்டதனால், ஓடிச்சென்று மேற்சட்டையின் தொப்பியைப் பற்றி இழுத்தோம். அரை நிமிடம்கூட ஆகியிராது. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே அவன் கேட்டான்: "மாமா, அது நிலம் இல்லையா?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. அதனை நிலம் போலத் தோன்றச் செய்தவர் நாமே.

குளிர்நீரில் வீழ்ந்தவருக்கு என்ன நேரும் என்பதை மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என எளிமையாகச் சொல்லிவருகிறார். மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம். கைகால்கள் பயன்பட ஏறத்தாழ பத்து நிமிடம். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி. இது வளர்ந்தவருக்கான கணக்கு. சிறு குழந்தையின் உடல் இன்னும் விரைவாகக் குளிரும். அதன்மேல் ஈரவிரிப்பும் சுற்றிக்கொண்டால், தலையை வெளியே எடுப்பதே அரிது.

தமிழில் நாம் கதவையும் மூடுகிறோம், பானையையும் மூடுகிறோம். பானையை மூடுவது உள்ளிருப்பதைத் தூசியிலிருந்து காக்க. கதவை மூடுவது வருவோரைத் தடுக்க. இரண்டு ஆண்டுகளும் நாம் தடாகத்தைப் பானையாகவே மூடியிருந்தோம். அதனைக் கதவாகவும் மூடவேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது. மூடும் முறை குறித்து எழுதுவோரும் பேசுவோரும் பெரிதும் குழாயைப் பற்றியே கவலைப்படுகின்றனர். குழாய் வெடித்தால் இளவேனிலில் மாற்றலாம்.

வேலி இருக்கிறதே என்பர் சிலர். உண்மை, ஒன்ராறியோவின் நகரசபைகள் தனியார் தடாகத்திற்கு வேலியை விதித்துள்ளன. ஆனால் வேலி வெளியாரைத் தடுக்கும். வீட்டின் பின்கதவைத் திறந்துகொண்டு வரும் குழந்தை ஏற்கெனவே வேலிக்கு உள்ளேதான் நிற்கிறது. காற்று அடித்துக் குவிக்கும் பனியோ வேலியின் உயரத்தையும் குறைத்துவிடும். குழந்தையைப் பெரியவர் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பர் வேறு சிலர். அன்று நாமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பந்து உருண்டது ஒரு கணத்தில்.

பாதுகாப்பு விரிப்பு என ஒன்று உண்டு. ஓரத்துக் கற்காரையில் பித்தளை ஆணிகளைப் பதித்து, விற்சுருள் பூட்டிய பட்டிகளால் முரசுத் தோல் போல இழுத்துக் கட்டுவது. ஏ.எஸ்.டி.எம். நிறுவனத்தின் எஃப் 1346 என்னும் தரவிதிப்படி, எட்டு அடிக்கு மேல் அகலமுள்ள தடாகத்தின் விரிப்பு 485 இறாத்தல் தாங்கவேண்டும். அதாவது ஏறத்தாழ 220 கிலோ. இரு பெரியவரும் ஒரு குழந்தையும் சேர்ந்த எடை அது. விழுந்த குழந்தையை எடுக்க ஓடிவருபவரின் எடையையும் எண்ணி விதித்திருக்கிறார்கள் என்பது எம் நெஞ்சைத் தொட்டது.

அதன் விலை நீல விரிப்பைப் போலப் பல மடங்கு என்பதை மறைக்கவேண்டியதில்லை. வலைத்துணி விரிப்பாயின் நுண்தூசியும் வெயிலும் உட்புகுந்து, வசந்தத்தில் நீர் பச்சை நிறம் காட்டும். துளையற்ற விரிப்பாயின் உருகுநீர் மேலே தேங்கும். சிறிய பம்பு வைத்து அதனை இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். தேங்கிய சில விரற்கடை நீரும் ஒரு குழந்தைக்குப் போதும் என்பதை மறத்தலாகாது. மற்றொன்று: பாதுகாப்பு விரிப்பும் தனியே பாரம் சுமப்பதில்லை. பெரும்பனி விழும்போது விரிப்பு தொய்ந்து நீரின்மேல் அமர்ந்துகொள்கிறது. நீர்மட்டத்தை அளவுக்கு மீறித் தாழ்த்தியவனின் விரிப்பு தாங்குவாரின்றிக் கிழியும். சுவரைத் தாங்குவது போலவே விரிப்பையும் அடியிலுள்ள நீரே தாங்குகிறது.

உடனே வாங்க இயலாத இல்லங்கள் உண்டு. அவர்களைக் குறைகூற நமக்குத் தகுதி இல்லை. குறைந்தது தடாகத்தின் நான்கு மூலைகளிலும் பனிக்கு மேலே தெரியும் உயரத்தில் கம்புகள் நட்டுக் கயிறு கட்டலாம். பின்கதவுக்குக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இடலாம். வீட்டுக்கு வரும் விருந்தினரிடம், "இங்கே தடாகம் இருக்கிறது" என்று வாசலிலேயே சொல்லலாம். நாம் இவற்றில் ஒன்றையும் செய்திருக்கவில்லை.

இப்போது ஒவ்வோர் ஒக்டோபரிலும் இறுதிப் பட்டியை மாட்டிய பிறகு, நாம் விரிப்பின் நடுவே ஒருமுறை நடந்து பார்க்கிறோம். கால் சற்று அமிழ்ந்து மீள்கிறது. மருமகனுக்கு இப்போது நீந்தத் தெரியும். ஆயினும் குளிர்காலத்தில் எம் வீட்டுக்கு வந்தால், முற்றத்தின் அந்தப் பகுதியைச் சுற்றியே நடக்கிறான்.