காயம் ஓரத்திலிருந்தே ஆறுகிறது



அமெரிக்காவில் குடியேறிய நம் சபைப் பிள்ளைகள் சிலர், தங்கள் இல்லங்களில் கடல்நீர்த் தொட்டி அமைத்து அதில் பவளம் வளர்க்கின்றனர். அடிபட்ட பவளத்தை எவ்வாறு தேற்றுகிறார்கள் என்று அவர்களில் ஒருவர் சொல்லக் கேட்டதும், அதன்பின் நான் படித்தறிந்ததும் இவ்வாரச் சிந்தனைக்குப் பொருளாயின. தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் பாறை அமைக்கும் பவளங்கள் யாவும் 2001ஆம் ஆண்டிலேயே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டையும் வீட்டிற்குக் கொண்டுவர வேண்டாம்.

பவளம் கல்லைப் போலத் தோன்றினாலும் அது உயிருள்ள ஒரு குடியிருப்பு. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று மெல்லிய தசையால் இணைந்து, தாங்கள் கட்டிய சுண்ணாம்புக் கூட்டின்மேல் வாழ்கின்றன. ஒன்று உண்ட உணவு அந்தத் தசையின் வழியே அடுத்ததற்கும் செல்கிறது. அவற்றின் உடலுக்குள் தங்கியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, பவளத்தின் தேவையில் பெரும்பங்கை நிறைவேற்றுகின்றன.

தொட்டியில் ஒரு நத்தை பவளத்தை உருட்டிவிடலாம். ஒரு மீன் கடித்துவிடலாம். அருகிலுள்ள வேறொரு பவளம் கொட்டிவிடலாம். அப்போது தசை கிழிந்து, வெள்ளைக் கூடு வெளியே தெரியும். இதைக் கண்டவுடன் புதிதாய் வளர்ப்பவர்கள் தொட்டிக்குள் கையை விடுகிறார்கள். பவளத்தை இடம் மாற்றுகிறார்கள், விளக்கை மாற்றுகிறார்கள், கிடைத்த மருந்தையெல்லாம் ஊற்றுகிறார்கள். காயத்தால் சாகாத பவளம் இந்தக் கவனிப்பால் செத்துவிடுகிறது.

அனுபவமுள்ளவர்கள் முதலில் நீரைச் சோதிக்கிறார்கள். வெப்பம் 25 அல்லது 26 டிகிரி செல்சியஸ், உப்பு ஆயிரத்திற்கு 35 பங்கு, சுண்ணாம்புச் சத்து லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. எனினும், அளவு சற்றுக் கூடிக் குறைந்திருப்பதைவிட, நாளுக்கு நாள் அது ஏறி இறங்குவதே பவளத்தை அதிகம் வருத்துகிறது. ஆகவே அவர்கள் நிலைத்தன்மையைக் காக்கிறார்கள். ஒளியைச் சற்றுத் தணிக்கிறார்கள். காயத்தின்மேல் நேராக மோதாமல், அழுக்கை மட்டும் அடித்துச் செல்லுமளவு நீரோட்டத்தைத் திருப்புகிறார்கள். வெறுமையான கூட்டின்மேல் பாசி படியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பாசி குடியேறிவிட்டால் புதிய தசை அவ்விடத்திற்குத் திரும்புவது கடினம். அதன்பின் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், காத்திருக்கிறார்கள்.

காயப்பட்டோரிடம் நம் சபை நடந்துகொள்ளும் முறையை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். துக்க வீட்டில் முதல் வாரம் நூறு பேர் கூடுகிறோம். நூறு விதமாய் ஆலோசனை சொல்கிறோம். இரண்டாம் மாதத்தில் ஒருவரும் செல்வதில்லை. விதவையான சகோதரியை மூன்றாம் ஞாயிறே மேடையேற்றிச் சாட்சி சொல்ல அழைக்கிறோம். மணமுறிவில் தவிப்பவரிடம் நடந்ததை மறுபடியும் மறுபடியும் விவரிக்கச் சொல்கிறோம். இவை யாவும் அன்பினால் செய்யப்படுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆறும் புண்ணை அன்பினால் கிளறினாலும் அது கிளறுவதேயாகும். வாரந்தோறும் அதே நாளில், அதே நேரத்தில், அதிகம் பேசாமல் ஒரு வேளை உணவோடு வந்துபோகும் ஒருவர், அந்த நூறு பேரைவிடப் பெரிய ஊழியம் செய்கிறார்.

‘அப்படியானால் ஒன்றும் செய்யாதிருப்பதே நல்லதா?’ என்று நீங்கள் கேட்கலாம். அல்ல. பவளத்தின் தசை பழுப்பு நிறக் கூழாகக் கரையத் தொடங்கினால், அது பொறுத்திருக்கும் காலம் அன்று. அந்தக் கூழை உடனே உறிஞ்சி அகற்ற வேண்டும். அழுகும் பகுதிக்கு அப்பால், நலமான தசையும் சிறிது சேர வெட்டி நீக்கி, பவளத்தை அயோடின் கலந்த நீரில் சற்று நேரம் அமிழ்த்தித் தனித்தொட்டியில் வைக்கிறார்கள். கடிக்கும் மீன் தொட்டியில் இருந்தால் அதைப் பிடித்து வெளியேற்றுகிறார்கள். கடிப்பதை விட்டுவைத்துக் கடிபட்டதற்கு மருந்திடும் மூடத்தனத்தை எவரும் செய்வதில்லை.

ஆனால் திருச்சபைகளில் அது நடக்கிறது. கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணிடம் ‘பொறுத்துக்கொள் அம்மா, ஜெபம் பண்ணு’ என்று சொல்லி, அதே வீட்டிற்கு அவளைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. பொறுமை புண் ஆறுவதற்கு வேண்டிய ஒன்று. அடி தொடர்வதற்கு இடங்கொடுப்பது பொறுமையாகாது. முதலில் அவளுக்குப் பாதுகாப்பான இடம், பிறகு சட்டத்தின் துணை, அதன்பின்னரே மற்ற ஆலோசனைகள். இந்த வரிசையை மாற்றும் உரிமை ஆயருக்கும் இல்லை, மூப்பருக்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வேறொரு போதனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஃப்ளோரிடாவிலுள்ள மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வாகன் என்னும் அறிஞர், தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பவளத்தை எடுக்க முயன்றபோது அது உடைந்தது. சில பாலிப்புகள் மட்டும் அடியிலேயே தங்கின. செத்துவிடும் என்று எண்ணப்பட்ட அவை, சில வாரங்களில் வியக்கத்தக்க வேகத்தில் பெருகியிருந்தன. அதிலிருந்தே பவளத்தைச் சிறு துண்டுகளாக்கி வளர்த்துக் கடலில் நடும் முறை உருவாயிற்று. அவ்வாய்வகத்தார் அப்படி 2015இல் நட்ட பவளங்கள், 2020 ஆகஸ்டில் தாமே கடலில் இனப்பெருக்கம் செய்தன.

இதைக் கேட்டவுடன், ‘உடைக்கப்படுவதே நன்மை’ என்று பிரசங்கிக்க ஆசை எழும். நான் அதற்கு உடன்படவில்லை. அத்துண்டுகள் பிழைத்தது உடைந்ததால் மட்டும் அன்று. தூய நீரும், ஒளியும், பாசியற்ற தளமும், காவலும் அவற்றிற்குக் கிடைத்ததால்தான். புயலில் முறிந்து மணலில் புரளும் துண்டுகளில் பல மடிந்தே போகின்றன. ஆகவே பிள்ளையை இழந்த தாயிடம் ‘இது உன் நன்மைக்கே’ என்று சொல்லாதீர்கள். தேவன் தீமையிலிருந்தும் நன்மையைப் பிறப்பிக்க வல்லவர் என்பது நம் விசுவாசம். அதை அவள் தன் வாயால், தன் காலத்தில் சொல்லட்டும். நம் வேலை நீரைத் தூய்மையாய் வைப்பது.

இறுதியாக, என் மனத்தை மிகவும் தொட்டது இது. பவளத்தின் காயம் தன் நடுவிலிருந்து ஆறுவதில்லை. வெறுமையான கூட்டில் தசை தானாக முளைக்காது. சுற்றியிருக்கும் நலமான பாலிப்புகளின் தசையே ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து காயத்தை மூடுகிறது. ஒரே பரப்புள்ள இரு காயங்களில் வட்டமானதைவிட நீண்டு ஒடுங்கியது எளிதில் ஆறும். ஏனெனில் அதற்கு ஓரம் அதிகம். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஆறும் காலத்தில் பவளத்தின் வளர்ச்சியும் இனப்பெருக்கமும் குறையக்கூடும். வளர வேண்டிய வலிமை காயத்தை மூடச் செலவாகிறது.

சபையும் ஒரே சரீரம் என்று அறிக்கையிடுகிறோம். அப்படியாயின் இந்த விலையைக் கொடுக்க நாம் ஆயத்தமா? காயப்பட்ட ஒரு குடும்பத்தைத் தாங்கும் ஆண்டில் புதிய மண்டபம் எழும்பாமல் போகலாம். பிரதிஷ்டைப் பண்டிகை எளிமையாய் முடியலாம். ஆண்டறிக்கையின் எண்கள் சிறுக்கலாம். அதைத் தோல்வி என்று எழுதாதிருப்போமாக.

இவ்வாரம் உங்கள் தெருவில், உங்கள் ஜெபக்குழுவில், காயப்பட்டிருக்கும் ஒருவரை நினைவுகூருங்கள். அவருக்குப் புத்தி சொல்லச் செல்ல வேண்டாம். அவருக்கு மிக அருகிலிருக்கும் ஓரமாய் நீங்கள் இருக்க முடியுமா என்று மட்டும் கர்த்தரிடம் கேளுங்கள். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அங்கேயே இருங்கள்.

காயங்களைக் கட்டுகிற தேவன் உங்கள் அனைவரோடும் இருப்பாராக. ஆமென்.

உங்கள் ஆயர்